அடுப்பில் இட்ட ஒரு சுள்ளி

சில ஆண்டுகளுக்கு முன், மார்கழி முடியும் தறுவாயில், திருவண்ணாமலையிலிருந்து ஒரு விருந்தினர் நம்மைத் தேடி ஜவ்வாது மலைக்கு வந்தார். அறுபது வயதைக் கடந்தவர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். யூத சமயத்தை நியமம் தவறாது கைக்கொள்பவர். குளிர்காலத்தில் திருவண்ணாமலையில் வந்து தங்கும் வெளிநாட்டினருள் அவருடைய மகளும் ஒருவர். மகளைக் காண வந்த தந்தைக்கு ஆசிரமங்களில் நாட்டமில்லை. மலைவாழ் மக்களைப் பார்க்க வேண்டும் என்று விரும்பினார். இருவருக்கும் பொதுவான நண்பர் ஒருவர் நமக்கு எழுதிக் கேட்டார். நாமும் வரச் சொன்னோம். போளூர் வழியாகப் பேருந்தேறி ஜமுனாமரத்தூரில் அவர் இறங்கியபோது கையில் ஒரு சிறு பெட்டியும் தோளில் ஒரு துணிப்பையும் இருந்தன. பெட்டியில் உடைகள். பையில் வாழைப்பழம், வறுத்த வேர்க்கடலை, பேரீச்சம்பழம், மகள் சுட்டுக் கொடுத்த ரொட்டி. இரண்டு நாள்களுக்கு இது போதும் என்று புன்னகையோடு சொன்னார்.

மறுநாள் கிளைக் கிராமம் ஒன்றில் திருப்பலி நிறைவேற்றச் சென்றோம். அவரும் உடன் வந்தார். பகலுணவு வேதியரின் வீட்டில். வெள்ளைக்கார விருந்தாளி வருகிறார் என்று கேள்விப்பட்டு, வேதியரின் மனைவி ஒரு சேவலைப் பிடித்துக் கூடையால் கவிழ்த்து வைத்திருந்தார். நாம் திண்ணையில் அமர்ந்தபோது பின்கட்டில் கத்தி தீட்டும் ஓசை கேட்டது. விருந்தினர் நம் பக்கம் சாய்ந்து, தமக்காக அந்தச் சேவலை அறுக்க வேண்டாம், தம்மால் அதை உண்ண இயலாது என்று தாழ்ந்த குரலில் சொன்னார். நாம் அதைத் தமிழில் சொன்னோம். சொல்வது எளிதாகத்தான் இருந்தது. முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்த அந்த அம்மையார் கையை நிறுத்திவிட்டு, நம்மைப் பார்த்துக் கேட்டார்:

"ஏன் சாமி, நம்ம வூட்டுச் சோறு இவருக்கும் ஆவாதா?"

"இவருக்கும்" என்ற சொல்லில் இருந்த அந்த 'உம்' நம்மைச் சுட்டது. ஏன் சுட்டது என்பதைப் பின்னர் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்று எழுந்த கேள்வியை முதலில் பார்ப்போம். ஒருவர் தம் சமயத்தின் உணவு நெறியைத் தம் வீட்டில் காப்பது அவருடைய உரிமை. அதைத் தூக்கிக்கொண்டு அயலூர் செல்லலாமா? ஏழை ஒருவரின் வீட்டு வாசல் வரை அதைக் கொண்டுவந்து, அவர் அன்போடு படைப்பதை வேண்டாம் எனலாமா? கடவுளுக்குக் காட்டும் பற்றுறுதி, விருந்தளிப்பவரின் நெஞ்சைக் காயப்படுத்துமானால், எது விட்டுக்கொடுக்க வேண்டும்?

வேறு நாட்டில் இக்கேள்விக்கு இவ்வளவு கூர்மை இருக்காது. நம் நாட்டில் சோற்றை மறுப்பதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. "பசியில்லை" என்று சொன்னாலும் எதிரில் இருப்பவர் வேறொன்றையே கேட்கிறார். எந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம், யார் கையால் சோறு உண்ணலாம், யார் திண்ணையோடு நிற்க வேண்டும் என்று பல நூற்றாண்டுகளாக வகுத்து வைத்த சமுதாயம் இது. மலையிலிருந்து பலாவும் புளியும் தேனும் சுமந்து கீழே சந்தைக்கு இறங்கும் இம்மக்கள், தேநீர்க்கடை வாசல்களில் கற்ற பாடங்களை மறந்துவிடவில்லை. ஆகவே அந்த அம்மையார் கேட்டது சமையலைப் பற்றிய கேள்வி அன்று. 'எங்கள் கையில் தீட்டு உண்டா?' என்பதே அவர் கேட்டது.

விருந்தினரின் நெறி எத்தகையது? யூதர்கள் 'கோஷர்' என்று சொல்லும் உணவு முறை, லேவியர் நூலின் 11-ஆம் அதிகாரத்திலும் இணைச்சட்ட நூலின் 14-ஆம் அதிகாரத்திலும் வேரூன்றியது. அசைபோடுவதும் விரிகுளம்பு உடையதுமான விலங்கையே உண்ணலாம். துடுப்பும் செதிலும் உள்ள மீனையே உண்ணலாம். குருதி அறவே ஆகாது. சேவல் உண்ணத் தக்க பறவைதான். ஆனால் பயிற்சி பெற்ற ஒருவர், முனைமழுங்காத பழுதற்ற கத்தியால், குறித்த முறைப்படி அறுத்திருக்க வேண்டும். பின் உப்பிட்டுக் குருதியை வடித்திருக்க வேண்டும். ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்கக் கூடாது என்ற கட்டளை சட்ட நூல்களில் மூன்று முறை வருகிறது. அதிலிருந்து இறைச்சியையும் பாலையும் ஒரே வேளையில் கலக்காத வழக்கமும், இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரங்களும் வந்தன. ஆகாத உணவு வெந்த பாத்திரம் அதன் சாரத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்பது அவர்கள் கணக்கு. ஆதலால் பானையும் கேள்விக்கு உள்ளாகிறது.

இன்னொன்றும் உண்டு, அதை மறைத்தால் நேர்மையாகாது. பிற இனத்தார் சமைத்த சில உணவுகளையும், அவர்கள் தொட்ட திராட்சை இரசத்தையும் விலக்கும்படி யூத அறிஞர்கள் பிற்காலத்தில் விதித்தனர். ஒன்றாக உண்பது உறவாகும், உறவு திருமணமாகும், திருமணத்தில் மறை கரைந்துபோகும் என்ற அச்சமே அதற்குக் காரணம். கலப்புத் திருமணத்திற்கு ஆயரின் அனுமதி கேட்கும் நாம் இந்த அச்சத்தைக் கேலி செய்வதற்கில்லை. ஆயினும் இவ்விடத்தில் அந்த நெறி, 'எதை உண்கிறாய்' என்பதைக் கடந்து, 'யார் சமைத்தது' என்பதைத் தொட்டுவிடுகிறது. வேதியர் மனைவியின் கேள்வி அறியாமையால் எழுந்தது என்று நாம் தட்டிக் கழிக்க முடியாது. கேள்வி சரியான இடத்தில்தான் விழுந்திருந்தது.

முந்தின இரவு, மலைக்குளிரில் போர்வையைப் போர்த்திக்கொண்டு, பயணத்தில் உணவு தேடிய கதைகளை அவர் நமக்குச் சொல்லியிருந்தார். புதிய நகரம் ஒன்றில் இறங்கியதும் பிறர் அரண்மனையையும் கோயிலையும் விசாரிப்பார்கள். இவர் முதலில் விசாரிப்பது அடுமனையை. ரொட்டி கிடைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது என்றார். ஐரோப்பாவின் பழைய நகரங்களில் யூதத் தெரு இருக்கும், தொழுகைக்கூடம் இருக்கும், ஆனால் அந்தத் தெருவில் யூதர்கள் இருக்க மாட்டார்கள். சுற்றுலாப் பயணிகளுக்காக யூதப் பெயர் தாங்கிய உணவகம் இருக்கும், அங்கே பன்றி இறைச்சியும் கிடைக்கும் என்று கசப்பில்லாமல் சொல்லிச் சிரித்தார்.

இந்தியாவிலும் அவர் கொச்சிக்குச் சென்று வந்திருந்தார். மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுப்பப்பட்ட பரதேசி தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. சுற்றிலும் பழம்பொருள் கடைகளும் மிளகு ஏலக்காய் மணமும். ஆனால் கொச்சி யூதர்களுள் பெரும்பாலோர் 1950-களில் இஸ்ரயேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர்; எஞ்சியோர் ஒருவர் பின் ஒருவராக இறந்துபோயினர். தெருவுக்குப் பெயர் இருக்கிறது, அடுப்பு இல்லை. ஆயினும் அவர்களுடைய சமையலைப் பற்றி அவர் ஒரு செய்தி சொன்னார். இறைச்சிக் குழம்பைப் பாலோ தயிரோ கொண்டு குழைவாக்க முடியாத கொச்சி யூதப் பெண்கள் தேங்காய்ப்பாலை ஊற்றினார்கள். தேங்காய்ப்பால், பெயரில்தான் பால்; சட்டப்படி அது காய். சீனாய் மலையின் கட்டளை கேரளக் கரையில் ஒரு தென்னையின் உதவியால் காக்கப்பட்டது என்பதில் நமக்கும் ஏதோ மகிழ்ச்சி ஏற்பட்டது.

கொங்கணக் கரையில் வாழ்ந்த பெனே இஸ்ரயேலர் இன்னும் வியப்புக்குரியவர்கள். எண்ணெய் ஆட்டும் தொழில் செய்த இவர்கள் ஓய்வுநாளில் செக்கை நிறுத்தியதால் அண்டை அயலார் 'சனிவார் தேலி' என்று, அதாவது சனிக்கிழமை வாணியர் என்று, அழைத்தனர். நூல்களும் மொழியும் மறந்துபோன நிலையில், வெளியிலிருந்து வந்த யூதர் ஒருவர் இவர்களைச் சோதிக்கப் பலவகை மீன்களைக் கொடுத்தார் என்றும், பெண்கள் செதிலும் துடுப்பும் உள்ளவற்றை மட்டும் தனியே பிரித்து வைத்தார்கள் என்றும், அதைக் கொண்டே தம் இனத்தார் என்று அவர் அறிந்துகொண்டார் என்றும் அவர்களிடையே ஒரு மரபுக் கதை வழங்குகிறது. மறைநூல் மறந்தபின்னும் மறை சமையலறையில் உயிரோடு இருந்தது என்று சொல்லும் கதை அது.

பின்னொருகால் ஒரு கருத்தரங்கிற்காகக் கொல்கத்தா சென்றபோது, அவர் சொல்லக் கேட்டிருந்த நாஹூம் அடுமனையைத் தேடிப் போனோம். பாக்தாத் யூதரான நாஹூம் இஸ்ரேல் மோர்டெகாய் 1902-இல் தொடங்கிய தொழில். நியூ மார்க்கெட்டில் உள்ள கடை 1916 முதல் நடக்கிறது. கிறிஸ்து பிறப்பு விழாக் காலத்தில் அங்கே பழக் கேக்கிற்காக நிற்கும் வரிசையில் கிறிஸ்தவர்களே மிகுதி. யூதர் கடை, வேலை செய்வோருள் பலர் இஸ்லாமியர், வாங்கிச் செல்வோர் நம்மவர். நாமும் நின்றோம். அந்நகரில் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த யூதர்கள் இன்று விரல்விட்டு எண்ணத் தக்கவர்கள். 1884-இல் கட்டப்பட்ட மாகேன் டேவிட் தொழுகைக்கூடத்தைத் தலைமுறைகளாகப் பராமரித்து வருவோர் இஸ்லாமியர்கள். நம் விருந்தினரைப் போன்றவர் அக்கடையிலும் நின்று, மாவு பிசைந்தது யார், அடுப்பு மூட்டியது யார் என்று விசாரித்த பிறகே வாய் திறப்பார் என்று நினைத்தபோது, நமக்குச் சற்று எரிச்சல்கூட வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறோம். கேக் மிக நன்றாக இருந்தது.

மும்பையிலும் அத்தகைய பயணிகளுக்குச் சோறிட்ட வீடு ஒன்று இருந்தது. 2008 நவம்பர் 26-இல் அந்நகரைத் தாக்கியவர்கள் அதையும் விட்டுவைக்கவில்லை. நாரிமன் இல்லத்தில் கொல்லப்பட்ட அறுவருள், அதை நடத்திய இளம் ரபியும் அவர் மனைவியும் இருந்தனர். உணவின் கோஷர் தூய்மையை மேற்பார்வையிடும் பணிக்காக இந்தியா வந்திருந்தவர்களும் இருந்தனர். இரண்டு வயதுக் குழந்தையை அவ்வீட்டு இந்தியத் தாதி தூக்கிக்கொண்டு ஓடி உயிர் காத்தார். 'கோஷர் உணவகம் எங்கே?' என்ற கேள்வியைச் சுற்றுலாப் பயணியின் சௌகரியம் என்று எண்ணி வந்த நமக்கு, அந்தச் செய்தி வேறொன்றைக் காட்டியது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நம் விருந்தினர் தமிழ்நாட்டைப் பாராட்டினார். இங்கே தெருவுக்கொரு சைவ உணவகம். இறைச்சியும் பாலும் கலக்கும் அச்சமில்லை. பொட்டலங்களின்மேல் பச்சைப் புள்ளி. பாதி வழி நாம் முன்னரே வந்துவிட்டோமாம். மீதிப் பாதியில்தான் பாத்திரமும் அடுப்பும் கீரைக்குள் ஒளிந்திருக்கும் பூச்சியும் நிற்கின்றன. திருவண்ணாமலையில் அவர் பெரும்பாலும் பழங்களையும் மகளின் மண்ணெண்ணெய் அடுப்பில் தாமே சமைத்த சோற்றையும் உண்டு நாள்களைக் கழித்தார்.

கத்தோலிக்கராகிய நாம் இதையெல்லாம் கேட்டு என்ன நினைப்போம்? இளங்குருவாக இருந்தபோது இப்படிப்பட்ட சட்டங்களைப் 'பரிசேயத்தனம்' என்ற ஒரே சொல்லால் மறையுரைகளில் ஒதுக்கித் தள்ளியிருக்கிறோம். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் யூத மக்களைப் பற்றிப் புதிய தெளிவோடு பேசியதைக் குருமடத்தில் படித்தவர்கள்தாம் நாம். படித்தது தேர்வுத்தாளோடு நின்றுவிட்டது. நாசரேத்தூரில் அன்னை மரியா ஆண்ட சமையலறை இந்தச் சட்டத்தின்படிதான் நடந்தது என்பதை எத்தனை முறை நினைத்துப் பார்த்திருக்கிறோம்? ஆண்டவர் வளர்ந்தது அந்த அடுப்பின் உணவில்.

மக்கபேயர் இரண்டாம் நூலில் வரும் எலயாசரை நாம் மறைசாட்சிகளின் முன்னோடியாகப் போற்றுகிறோம். தொண்ணூறு வயதுக் கிழவர். பன்றி இறைச்சியை உண்ண மறுத்தார். உண்ணத் தக்க இறைச்சியை எடுத்துவந்து பன்றி இறைச்சியை உண்பதுபோல் நடித்துவிடும்படி நண்பர்கள் கெஞ்சினர். அதையும் மறுத்து உயிர் துறந்தார். இளைஞர் பார்த்துத் தவறிப்போவார்கள் என்பதே அவர் கவலை. பாபிலோன் அரண்மனையில் தானியேலும் தோழரும் அரச உணவை விலக்கிக் காய்கறியும் தண்ணீரும் மட்டும் பெற்று வாழ்ந்தனர். இவர்கள் யாரும் தங்கள் நெறிக்காகப் பிறரைப் பட்டினி போடவில்லை, பிறரைத் தாழ்த்தவில்லை. நெறியின் விலையைத் தாங்களே செலுத்தினர்.

இதை மனத்தில் கொண்டு பேதுருவிடம் வருவோம். யோப்பாவில், தோல் பதனிடும் சீமோனின் வீட்டு மேல்தளத்தில் அவர் கண்ட காட்சி நமக்குத் தெரியும். விரிப்பில் இறங்கிய விலங்குகளை அடித்து உண்ணும்படி மும்முறை குரல் கேட்டது. உணவுச் சட்டம் அன்றோடு தீர்ந்தது என்று சட்டெனச் சொல்லிவிடுகிறோம். ஆனால் கொர்னேலியுவின் வீட்டில் நுழைந்ததும் பேதுரு அந்தக் காட்சிக்குத் தாமே பொருள் சொல்கிறார்: எந்த மனிதரையும் தீட்டுள்ளவர் என்று சொல்லக் கூடாது எனக் கடவுள் தமக்குக் காட்டினார் என்று. விரிப்பில் இருந்தவை விலங்குகள். பாடம் மனிதரைப் பற்றியது. பின்னர் அதே பேதுரு, அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு ஒரே பந்தியில் உண்டு வந்தவர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் மெல்ல எழுந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் எதிர்த்தார். பேதுரு பன்றி இறைச்சி உண்ணவில்லை என்று பவுல் சினங்கொள்ளவில்லை. நேற்று வரை அருகில் அமர்ந்திருந்தவரைத் தனியே விட்டு எழுந்தது, அந்த எழுச்சியின் விலையைச் செலுத்தியவர் அந்த ஏழைச் சகோதரர் என்பது, இதுவே குற்றம்.

(எருசலேம் சங்கம் பிற இனக் கிறிஸ்தவரிடமும் குருதியை விலக்கும்படி கேட்டது என்பதை நம் பங்குத் திருவிழாக்களில் இரத்தப் பொரியலுக்காகக் காத்திருப்பவர்களுக்கு நினைவூட்ட வேண்டுமா? அஞ்ச வேண்டாம், அந்த விதி காலத்தோடு நின்றுவிட்டது என்று 1442-இல் ஃபுளோரன்ஸ் பொதுச்சங்கம் தெளிவாக்கியிருக்கிறது.)

நம் தமிழ் மண்ணின் மறைப்பணி வரலாற்றிலும் இதே கேள்வி நிற்கிறது. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி புலாலையும் முட்டையையும் மதுவையும் துறந்து, நாளுக்கு ஒரு வேளை சைவ உணவு உண்டு வாழ்ந்தார். அந்தத் துறவின் விலையை அவரே செலுத்தினார். அதற்காக அவரை வணங்குகிறோம். ஆனால் அதே மதுரையில் பரதவ மக்களுக்குப் பணியாற்றிய தம் சபைச் சகோதரர் கொன்சாலோ பெர்னாண்டசோடு ஒன்றாக இருந்து உண்ணாமல் அவர் தனி வீட்டுக்குச் சென்றார். அந்தப் பிரிவின் விலையைச் செலுத்தியவர்கள் வேறு மனிதர்கள். மறைப்பணியின் தேவை என்று நமக்குக் கற்பிக்கப்பட்டது, இருக்கலாம். ஆயினும் ஐம்பது வயதுக்குமேல் இந்தப் பகுதியைப் படிக்கும்போது, முன்பு போல விரைவாகப் பக்கத்தைப் புரட்ட முடியவில்லை.

1920-களில் வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் எழுந்த சர்ச்சை தமிழக அரசியலையே திருப்பியது. நாட்டு விடுதலைக்காகப் பிள்ளைகளை வளர்க்கத் தோன்றிய அந்நிலையத்தில் பிராமணச் சிறுவர் சிலருக்குத் தனிப் பந்தி. பெற்றோரின் ஆசாரத்தை மதிக்கவே அவ்வாறு செய்ததாகச் சொல்லப்பட்டது. ஆசாரம் ஒரு வீட்டாருடையது. அதற்கான விலையோ, அடுத்த அறையில் அமர்ந்து உண்ட மற்றப் பிள்ளைகளின் நெஞ்சில் எழுதப்பட்டது. அதை வெளியார் கதை என்று நாம் பேசவும் முடியாது. கோயிலில் தனியிடம், கல்லறைத் தோட்டத்தில் தனிச்சுவர் என்று நம் திருச்சபைக்குள் நாம் கட்டியவை போதாவா? இந்திய ஆயர் பேரவை 2016-இல் தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கை ஏட்டை வெளியிட்டபோது, திருச்சபைக்குள்ளேயே சாதிப் பாகுபாடு இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

இனி அந்த 'உம்' பற்றிச் சொல்ல வேண்டும்.

இம்மலைக்கு மாற்றலாகி வந்த முதல் ஆண்டில் நமக்கு வயிற்றுக் கோளாறு. அதற்கு முன்பு பணியாற்றிய சமவெளிப் பங்கில் கிடைத்த உணவுக்குப் பழகியிருந்த உடம்பு. கிளைக் கிராமங்களுக்குச் செல்லும்போது பங்கு இல்லத்தில் சமைத்த தயிர்ச்சோற்றை அடுக்குப் பாத்திரத்தில் எடுத்துச் செல்வோம். காய்ச்சி ஆறவைத்த நீரையும் கொண்டுபோவோம். திருப்பலி முடிந்ததும் வேதியரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அதைத் திறந்து உண்போம். சட்டமில்லை, நோன்பில்லை, மறையில்லை; மருத்துவர் சொன்னார் என்ற ஒரு காரணம் மட்டுமே. காரணம் உண்மையானதுதான். ஆனால் அதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்றுகூட நமக்குத் தோன்றவில்லை. ஓர் ஆண்டு முழுவதும் அந்த அம்மையார் நமக்கு வெந்நீர் மட்டும் வைத்துக் கொடுத்தார். தமக்கு முன் அமர்ந்து தாம் சமைத்ததைத் தொடாத ஒரு குருவானவரைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அதே கையிலிருந்து காணிக்கையை வாங்கி, அதே கையில் நற்கருணையை வைத்தோம். பின்னர் உடல் தேறியது. அவர் வீட்டுக் களியையும் கீரையையும் உண்ணத் தொடங்கினோம். எல்லாம் மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். அந்த 'இவருக்கும்' கேட்ட பிறகுதான், மறந்தவர் நாம் மட்டுமே என்று தெரிந்தது.

எழுபத்திரண்டு சீடரை அனுப்பியபோது, உங்கள்முன் வைப்பதை உண்ணுங்கள் என்ற கருத்தில் ஆண்டவர் அறிவுறுத்தினார். அந்த நற்செய்திப் பகுதிக்கு நாம் எத்தனையோ முறை மறையுரை ஆற்றியிருக்கிறோம். எளிமையைப் பற்றியே பேசினோம். அடுக்குப் பாத்திரத்தைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

அன்று நடந்தது இதுதான். அம்மையாரின் கேள்வியை நாம் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னோம். விருந்தினர் முகம் வாடியது. சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின் எழுந்து, காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே சென்று, முறத்தின் எதிரே தரையில் அமர்ந்தார். இந்தத் தானியம் எது என்று கேட்டார். சாமை என்றோம். தம் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு என்றார்: அரசரின் பந்தியில் வைக்கத் தகாத எளிய உணவாக இருந்தால், சமைப்பவர் யார் என்ற கேள்வி எழுவதில்லை. சாமையை அரசர்கள் உண்பார்களா என்று நம்மிடம் கேட்டார். நமக்குச் சிரிப்பு வந்தது. மலையில் இது ஏழையின் சோறு. நகரத்து அங்காடியில் இப்போது அரிசியைவிட விலை அதிகம். (2023-ஐ ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாகவே கொண்டாடியது, அரசர்கள் என்ன, அமைச்சர்களும் உண்டார்கள்.) ஐயமுள்ளபோது மற்ற வழியைப் பின்பற்றுவோம் என்றார் அவர்.

அந்த மற்ற வழிதான் நம்மை இன்றுவரை சிந்திக்க வைப்பது. அவர் மரபைச் சேர்ந்த யூதர்களின் வழக்கப்படி, அடுப்பு மூட்டுவதில் யூதர் ஒருவரும் பங்கு கொண்டால் போதும். ஒரு சுள்ளியை நெருப்பில் இட்டாலும் சமையலில் அவர் பங்கேற்றதாகக் கணக்கு. பிறகு யார் கிளறினாலும், யார் இறக்கினாலும் அது ஆகும் உணவு. விலக்குவதற்கென்று எழுந்த சட்டத்துக்குள்ளேயே ஒரு சுள்ளி அகலத்துக்குக் கதவு திறந்திருக்கிறது.

பாத்திரம்? ஒருமுறையும் உணவு வேகாத மட்பானை எனில் தடையில்லை. உலோகப் பாத்திரத்தைப்போல நீரில் அமிழ்த்தும் சடங்கும் அதற்கு வேண்டாம் என்றார். பொங்கலுக்கென்று சந்தையில் வாங்கி உறியில் தொங்கவிட்டிருந்த புதுப்பானையை வேதியரின் மனைவி ஒரு சொல்லும் சொல்லாமல் இறக்கினார். சேவல் கூடையிலிருந்து விடுதலை பெற்றது. இருவரும் முறத்தின் இரு பக்கமும் அமர்ந்து சாமையில் கல்லையும் பூச்சியையும் பொறுக்கினார்கள். பின் அவரைக்காயை ஒவ்வொன்றாகப் பிளந்து புழு இருக்கிறதா என்று பார்த்தார்கள். அம்மையாருக்கு இது வேடிக்கையாக இருந்தது. "எங்க மாமியாளவிடக் கெட்டிக்காரரா இருக்காரு" என்றார். அதை நாம் மொழிபெயர்க்கத் தயங்கினோம், வேதியர் விடவில்லை. விருந்தினர் வாய்விட்டுச் சிரித்தார். மூன்று கல் அடுப்பில் அவர் ஒரு சுள்ளியை இட்டார். அம்மையார் ஊதினார்.

தையல் இலையில் சோறு. இலைக்குத் தீட்டுமில்லை, சாரம் உறிஞ்சும் குணமுமில்லை. மலைத்தேனும் வைத்தார்கள். தேனீ உண்ணத் தகாத பூச்சி, ஆனால் தேன் ஆகும். அது பூச்சியின் உடலிலிருந்து சுரப்பதன்று, பூவிலிருந்து அது சேர்த்து வைப்பது என்று பழைய அறிஞர்கள் தீர்த்து வைத்திருக்கிறார்கள் என்று அவர் விளக்கினார். கை கழுவி, எபிரேயத்தில் ஒரு வாழ்த்துரை சொன்னார். நாம் சிலுவை அடையாளம் வரைந்தோம். சாமைச் சோறு சற்றுக் குழைந்துவிட்டது. பேச்சு சுவாரசியத்தில் யாரும் அடுப்பைக் கவனிக்கவில்லை.

விலையைச் செலுத்தியவர் யார் என்று பார்த்தால், விருந்தினர் இரண்டு மணி நேரம் தரையில் அமர்ந்து செலுத்தினார் என்று நாம் கணக்கெழுதிக்கொண்டோம். ஆனால் அது முழுக் கணக்கன்று. விடைபெறும்போது அவர் பானைக்கான பணத்தை எடுத்து நீட்டினார். அம்மையார் இரு கைகளையும் பின்னுக்குக் கட்டிக்கொண்டார். பொங்கலுக்கு நான்கு நாள்களே இருந்தன. மறுபடி சந்தை கூடப் பொங்கல் தாண்டிவிடும். அவர் நம்மைப் பார்த்தார். வாங்கிக்கொள்ளும்படி சொல்லுங்கள் என்பது அப்பார்வை. நாம் சொன்னோம். அம்மையார் தலையை மட்டும் அசைத்தார்.

அவ்வாண்டு அவர் வீட்டில் அலுமினியப் பாத்திரத்தில் பொங்கல் பொங்கியது. நமக்கும் ஓர் அடுக்குப் பாத்திரத்தில் அனுப்பியிருந்தார். அது நம்முடைய பழைய பாத்திரம்தான். எப்போது அவர் வீட்டில் விட்டுவந்தோம் என்பது நினைவில்லை.